திருத்தாத காது

தமிழில் ‘தயாரிப்பாளர்’ என்றால் காசு போடுகிறவர். ஹிப்ஹொப்பில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். தாளத்தைக் கட்டுகிறவர் அவர். பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து இரண்டு விநாடித் துண்டை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்பச் சுழலவிடுகிறவர். பாஸ் எங்கே விழவேண்டும், எங்கே விழக்கூடாது என்று தீர்மானிக்கிறவர். ஆனால் இந்தக் கட்டுரைக்கு எனக்கு வேண்டியது அவருடைய இன்னொரு வேலை. ராப்பர் ஒலிவாங்கிக்கு முன்னால் வாய் திறக்கும்போது அந்த அறையில் இருக்கும் முதலாவது காது அவருடையது. அந்தக் காது எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் அந்த வாயும் பேசும்.

2014 நவம்பர் 28 அன்று வெளிவந்த ‘ருஸிஷ் ரூலெட்’, டொச் மொழி ராப்பில் அப்படி ஒரு வாயும் ஒரு காதும் சந்தித்ததால் உண்டான அல்பம். வாய், ஓஃபன்பாக் நகரத்து ஹாஃப்ட்பெஃபேல். காது, கெல்ன் நகரத்து பஸாஸியான். அட்டையில் முன்னவரின் பெயர் மட்டும்தான். ஆனால் அதன் இசையில் பெரும்பகுதி பின்னவருடையது. 2020இல் வந்த ‘வெள்ளை அல்பம்’, 2021இல் வந்த ‘கறுப்பு அல்பம்’ இரண்டிலும் இந்தக் கூட்டு தொடர்ந்தது. இவற்றை ஒருவரின் மூன்று தொகுப்புகளாக அல்ல, இருவர் சேர்ந்து எழுதிய ஒரே நீண்ட படைப்பாகத்தான் நான் கேட்கிறேன்.

ஹாஃப்ட்பெஃபேல் என்றால் கைது ஆணை. தன் பெயரில் உண்மையாகவே ஒரு கைது ஆணை பிறந்து, 2006இல் இஸ்தான்புலுக்கும் பிறகு நெதர்லாந்துக்கும் ஓடியவர், திரும்பி வந்து அதையே பெயராக வைத்துக்கொண்டார். இயற்பெயர் அய்குட் அன்ஹான். பிறந்தது 1985. தந்தை துருக்கியிலிருந்து வந்த குர்திஷ்காரர், தாய் துருக்கியர். ஓஃபன்பாக்கின் மைன்பார்க் அடுக்குமாடிகளில் வளர்ந்தவர். தந்தையைப் பதின்வயதிலேயே தற்கொலைக்குக் கொடுத்தவர். பிராங்போர்ட்டில் இருப்பவர்களுக்கு ஓஃபன்பாக்கைச் சொல்லத் தேவையில்லை. ஆற்றங்கரையோரமாக நடந்தே போய்விடலாம். ஆனால் வங்கிக் கோபுரங்களின் பிராங்போர்ட்காரர் ஓஃபன்பாக்கைப் பற்றிக் கதைக்கும்போது முகம் கொஞ்சம் கோணும்.

இவரைப் பற்றி இந்த இதழில் எழுதுவதற்குக் காரணம் எங்கள் வீடுகளில்தான் இருக்கிறது. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளில் பலர் இவரை மனப்பாடமாகச் சொல்வார்கள். பெற்றோரில் பெரும்பாலானோருக்கு அது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் அதிர்வு மட்டுமே. 2025 ஒக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘பாபோ’ ஆவணப்படத்துக்குப் பிறகு பெற்றோரும் பெயரைத் தெரிந்துகொண்டார்கள், ‘அந்தப் போதைக்காரன்’ என்று. படம் அவருடைய கொக்கெயின் பழக்கத்தை ஒளிக்காமல் காட்டியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வாழ்க்கையைப் பற்றிய பேச்சு பெருகிவிட்டது. பாட்டைப் பற்றிய பேச்சு குறைந்துவிட்டது. எனக்குப் பாட்டைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1992இல் ஹைடெல்பெர்க்கைச் சேர்ந்த ‘அட்வான்ஸ்ட் கெமிஸ்ட்ரி’ குழு ‘சொந்த நாட்டில் அந்நியன்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பாட்டை வெளியிட்டது. ஹைட்டி, இத்தாலி, கானா வேர்களைக் கொண்ட மூன்று இளைஞர்கள். அந்த வருடம் என்ன வருடம் என்பது இங்கே அகதியாக இருந்த எவருக்கும் மறக்காது. ஓகஸ்ட்டில் ரொஸ்டொக் லிக்டென்ஹாகனில் வியட்நாமியத் தொழிலாளர்கள் இருந்த கட்டடத்தை எரித்தபோது கூட்டம் கைதட்டியது. நவம்பரில் மொல்ன் நகரில் துருக்கியக் குடும்பங்களின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் மே மாதம் ஸொலிங்கனில் ஐந்து பேர். அதே 1993 ஜூலையில் புகலிடச் சட்டத்தைச் சுருக்கினார்கள். ஹைமில் எங்கள் ஆட்கள் இரவில் முறைவைத்து விழித்திருந்த காலம்.

அந்தப் பாட்டு ஒரு வாதம். எங்கள் கையில் டொச் கடவுச்சீட்டு இருக்கிறது, நாங்கள் இங்கேயே பிறந்தோம், பிறகு ஏன் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கிறாய்? நல்ல டொச் மொழியில், இலக்கணம் பிசகாமல், தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவருக்கும் விளங்கும்படி கேட்டார்கள். அது தேவையான பாட்டு, இன்றைக்கும் பழசாகவில்லை. ஆனால் அந்த வாதத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது: உன் மொழியை உன்னைவிடத் திருத்தமாகப் பேசுகிறேன், ஆகவே என்னை ஏற்றுக்கொள். திருத்தமாகப் பேசத் தெரியாதவரின் கதி என்ன என்பதற்கு அந்தப் பாட்டில் இடமில்லை.

திருத்தமாகப் பேசத் தெரியாதவர்கள் எங்கள் தலைமுறை. டொச் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் டேர், டீ, டஸ் என்று ஒரு சின்னச் சொல் வரவேண்டும். மேசை ஆண், விளக்கு பெண், சிறுமி அஃறிணை. தமிழில் இப்படியொன்று கிடையாது; துருக்கி மொழியிலும் கிடையாது. ஆகவே கெல்ன் தொழிற்சாலையில் நின்ற துருக்கியரும், ஹாம் நகரத்து உணவகச் சமையலறையில் நின்ற யாழ்ப்பாணத்தவரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தார்கள். அந்தச் சின்னச் சொல்லை விட்டுவிட்டுப் பேசினார்கள். எதிரே இருந்த அதிகாரிக்கு அது ஒன்றே போதும், குரலை உயர்த்தி, வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோலப் பேச.

ஹாஃப்ட்பெஃபேல் அந்தச் சின்னச் சொற்களை அடிக்கடி விழுங்கிவிடுகிறார். தெரியாமல் அல்ல. ஓஃபன்பாக்கில் பிறந்தவருக்கு அது தெரியும். அவர் தெருவில் அப்படித்தான் பேசினார்கள், அப்படியே பாடுகிறார். அந்த டொச்சுக்குள் துருக்கியும் குர்திஷும் அரபும் ரோமா மக்களின் மொழியும் கலந்து கிடக்கின்றன. அவரால் நாடெங்கும் பரவிய ‘பாபோ’ என்ற சொல் 2013இல் லாங்கென்ஷைட் பதிப்பகம் தெரிவுசெய்யும் ‘இளைஞர் சொல்’ ஆயிற்று. தலைவன், பெரியவர் என்ற அர்த்தத்தில் இளைஞர்கள் அதைச் சொன்னார்கள். அதற்குக் கீழே அப்பா என்ற அர்த்தம் இருக்கிறது. எங்கள் ஊரில் ‘அப்பு’ என்பது தகப்பனுக்கும் பொருந்தி, கிழவருக்கும் பொருந்தி, கூட்டாளியைக் கிண்டலாக அழைக்கவும் பொருந்துவதைப்போல. தன் கூட்டத்துக்கு அவர் வைத்த ‘அஸ்லாக்’ என்ற பெயரே இரண்டு வசவுகளை ஒட்டிச் செய்தது: ஒன்று ‘சமூகத்துக்கு ஆகாதவன்’, மற்றது வெளிநாட்டவரை ஏசும் ‘கனாக்க’. வசவைப் பெயராக எடுத்துப் போட்டுக்கொள்வது புதிய தந்திரம் அல்ல. அந்தச் சொற்களை வைத்து என்ன கட்டினார் என்பதே கேள்வி. அங்கேதான் பஸாஸியான் வருகிறார்.

2014க்கு முந்திய அவருடைய தொகுப்புகளையும் கேட்டிருக்கிறேன். குரல் இதே குரல்தான். ஆனால் அதைச் சுற்றி இசை நெரிசலாக இருக்கும். அமெரிக்க அச்சில் வார்த்த கனமான தாளங்கள் குரலோடு போட்டிபோடும். ‘ருஸிஷ் ரூலெட்’டில் பஸாஸியான் செய்த முதல் வேலை ஆட்களை அறையிலிருந்து வெளியே அனுப்பியதுபோன்றது. பாஸ் கீழே, நிலத்துக்குக் கீழே போய்விட்டது. நடுவில் பெரிய வெற்றிடம். மேலே எங்கோ ஒரு சிணுங்கல், ஒரு பழைய ஒலியின் தேய்ந்த முனை. அந்த வெற்றிடத்தில் குரல் தனியாக நிற்கிறது. விழுங்கப்பட்ட டேர், டீ, டஸ் இருந்திருக்கவேண்டிய இடம் ஓர் அரைத்துடிப்பு மௌனமாகத் திறக்கிறது. அந்த மௌனத்தில் தாளம் வந்து விழுகிறது. இலக்கணப் பிழை என்று பள்ளிக்கூடம் சொல்லும் இடத்தில் பாட்டின் நடை பிறக்கிறது. பல தடவை கேட்ட பிறகுதான் எனக்கு இது விளங்கியது. விளங்கிய பிறகு வேறுமாதிரிக் கேட்க முடியவில்லை.

தமிழ்ச் சினிமாக்காரர் நெடுநாளாக ஒரு விவாதம் நடத்துகிறார்கள், மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று. இந்தக் கூட்டு இரண்டிலும் சேராது. எங்கள் நாட்டுக்கூத்தில் மத்தளக்காரர் செய்வதுதான் இதற்கு நெருக்கமாக எனக்குப் படுகிறது. நல்ல மத்தளக்காரர் கூத்தரின் காலையும் தொண்டையையும் பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சு இளைக்கும் இடம், ஓர் அசையை இழுக்கப்போகும் இடம், வரியை மறந்து தடுமாறும் இடம், எல்லாம் அவருக்கு முன்கூட்டித் தெரியும். தடுமாற்றத்தைச் சபைக்குக் காட்டிக்கொடுக்க மாட்டார். அதையே ஒரு சொற்கட்டாக்கிவிடுவார். ஹாஃப்ட்பெஃபேல் அசைகளை இழுப்பார், நடுவில் உறுமுவார், ஒரே சொல்லை மூன்று தடவை மூன்று விதமாகத் துப்புவார். பஸாஸியான் எதையும் மழித்து எறியவில்லை. அவை எல்லாம் விழுவதற்குத் தரை போட்டிருக்கிறார்.

தொகுப்பின் நடுமுள் ‘1999’ என்ற ஒரே தலைப்பில் பகுதி பகுதியாக வரும் பாட்டுகள். 1999இல் அவர் 13 வயதுச் சிறுவன். கெட்டுப்போன ஒரு சிறுவயதைத் தொடர்கதைபோலச் சொல்கிறார். அடுத்த அல்பத்திலும் அது தொடர்கிறது. இவற்றில் பெருமை பேசும் குரல் இறங்கிவிடுகிறது. ஒரு தெரு, ஒரு கூட்டாளி, ஒரு பொட்டலம், ஓடும் ஓட்டம். விளக்கம் இல்லை, மன்னிப்புக் கேட்பது இல்லை, சமூகத்தைக் குற்றம் சொல்வதும் இல்லை. ‘அட்வான்ஸ்ட் கெமிஸ்ட்ரி’ நீதிமன்றத்தில் நின்று பேசினார்கள் என்றால் இவர் நீதிமன்றம் என்ற ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளாமல் பேசுகிறார். பொ. கருணாகரமூர்த்தியின் ‘பெர்லின் இரவுகள்’ வாசித்தவர்களுக்கு ஒரு நினைவு வரலாம். அது டாக்ஸியின் முன்னிருக்கையிலிருந்து பார்த்த ஜேர்மன் இரவு. இது பின்னிருக்கையில், எங்கே இறங்குவது என்று சொல்லாமல் ஏறிக்கொண்டவனின் இரவு.

நான் பல வருடங்கள் புகலிட விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். அந்த வேலையின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. வல்வெட்டித்துறைக்காரரும் மன்னார்க்காரரும் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியவரும் ஒவ்வொரு தமிழில் பேசுவார்கள். ஒருவர் பாதியில் நிறுத்துவார், ஒருவர் சொன்னதையே திரும்பச் சொல்வார், ஒரு பெண் முக்கியமான இடத்தில் பேச்சை மாற்றி ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். பதிவில் அவர்கள் எல்லோரும் ஒரே டொச் பேசினார்கள். எழுவாய், பயனிலை, நாள், இடம். அப்படித்தான் இருக்கவேண்டும், அது சட்ட ஆவணம், தெளிவு இல்லாவிட்டால் மனு விழுந்துவிடும். ஆனால் திரும்ப வாசித்துக் காட்டும்போது எதிரே இருந்தவரின் முகத்தில் ஒரு பார்வை வரும். நடந்தது சரிதான், சொன்னது நான் இல்லை என்ற பார்வை. ‘1999’ பகுதிகளைக் கேட்கும்போது எனக்கு அந்த முகங்கள்தான் வருகின்றன. சொன்னது நான்தான் என்று ஒருவனைச் சொல்லவைக்க எவ்வளவு வேலை தேவைப்படுகிறது என்று.

புலம்பெயர்ந்த தமிழ் எழுத்துக்கு இந்த நாட்டில் ஒரு மரபு உண்டு. 1988இல் ஹேர்ண நகரில் முதலாவது இலக்கியச் சந்திப்பு நடந்தது. டோர்ட்முண்டிலிருந்து ‘தூண்டில்’, பிரேமனிலிருந்து ‘பூவரசு’ என்று கையெழுத்திலும் தட்டச்சிலும் இதழ்கள் வந்தன. அந்த எழுத்துகளில் ஹைம், சோசல், டுல்டுங் எல்லாம் தமிழ்ச் சொற்களாகவே புழங்கின. கலப்பு மொழியைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கவில்லை. அது அகதித் தமிழோடேயே பிறந்தது. ஆனால் பிள்ளைகள் “அம்மா, எனக்கு லுஸ்ட் இல்லை” என்றபோது மட்டும் அது தமிழ்க்கொலை ஆகிவிட்டது. டொச் ஆசிரியர் டேர், டீ, டஸ் திருத்தினார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் லகர ளகரம் திருத்தினார்கள். பேச்சுப்போட்டி மேடைக்குப் பெரியவர்கள் எழுதிக்கொடுத்ததைப் பிள்ளைகள் பாடமாக்கி ஒப்பித்தார்கள். இரண்டு பக்கமும் திருத்தும் காதுகள். திருத்தங்கள் ஒவ்வொன்றும் நியாயமானவை. இருந்தும் ஹாம் காமாட்சி அம்மன் தேருக்கு வரும் ஆயிரக்கணக்கான இளைஞர்களில் தமிழில் கதை எழுதுகிறவர் எத்தனை பேர்? தமிழ் தெரியாமல் இல்லை. அவர்களுக்கு ஒரு தமிழ் தெரியும். அதை வைத்து ஒன்றைக் கட்டித்தர ஒரு பஸாஸியான் இல்லை.

தமிழில் அப்படி ஒரு கூட்டு இல்லாமல் போகவில்லை. அரக்கோணத்து அறிவும் இசையமைத்த ஓஃப்ரோவும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ‘தெருக்குறள்’ இருக்கிறது. அதில் இரண்டு பேருடைய பெயரும் சமமாக நிற்கிறது, அதற்கே ஒரு வணக்கம். ஆனால் அறிவு ‘அட்வான்ஸ்ட் கெமிஸ்ட்ரி’யின் வழிக்காரர். ‘ஆன்டி இந்தியன்’ போன்ற பாட்டில் அவர் பொதுமேடையில் வாதாடுகிறார், எதிராளியின் கண்ணைப் பார்த்து, ஒரு சொல்லும் தவறாகக் கேட்டுவிடக்கூடாது என்ற கவனத்தோடு. சாதியைப் பேச வந்தவருக்கு அந்தத் தெளிவு ஆயுதம். குறைவாகச் சொல்லவில்லை. தெளிவாகப் பேச முடியாமல் போனவனின் தமிழுக்கு இன்னும் ஆள் வரவில்லை என்றுதான் சொல்கிறேன். அது சென்னையிலிருந்து வராது. ஓஃபன்பாக்கிலிருந்தோ ஸ்கார்பரோவிலிருந்தோ லா சப்பலிலிருந்தோ வரவேண்டும்.

இந்த அல்பங்களைப் பிள்ளையாரைப்போல உட்காரவைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. பெண்கள் இவற்றில் ஆட்கள் அல்ல, பொருட்கள்; தாய் ஒருத்தியைத் தவிர. ஹாஃப்ட்பெஃபேலின் பழைய வரிகள் சில யூத வெறுப்பு என்று கண்டிக்கப்பட்டன. கண்டித்தவர்கள் சொன்னது சரி. தெருவின் மொழியை அப்படியே எடுத்தால் தெருவின் நஞ்சும் கூடவே வரும். திருத்தாத காது அங்கே என்ன செய்யவேண்டும் என்ற கேள்விக்கு இந்தக் கூட்டிடம் நல்ல பதில் இல்லை.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. பஸாஸியானின் இசை அழகாக இருக்கிறது. மிக அழகாக. ‘வெள்ளை அல்பம்’ வந்தபோது ஒரு மனிதன் தன்னைத் தானே அழித்துக்கொண்டிருந்தான் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். அந்தத் தொகுப்பின் தலைப்பே வெள்ளைத் தூளை நோக்கிக் கண்ணடிக்கிறது. அழிவின் சத்தத்துக்கு அவ்வளவு நேர்த்தியான தரை போட்டுக்கொடுத்தால், விழுகிறவன் இன்னும் ஒரு தடவை விழுந்து காட்டமாட்டானா? ராப்பைத் தீண்டாத பெரிய பத்திரிகைகளின் கலைப் பக்கங்கள்கூட 2014இல் ‘ருஸிஷ் ரூலெட்’டைக் கொண்டாடின. நடுத்தர வர்க்கத்து வாசகர் அடுக்குமாடியின் நரகத்தை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டு ரசித்தார். போர் பற்றிய எங்கள் கவிதைகளை ஐரோப்பிய மேடைகளில் வாசிக்கும்போது எழும் கைதட்டலிலும் இதே நெருடல் உண்டு. அதற்காகக் கவிதையை வாசிக்காமல் விட முடியாது. கைதட்டலைக் கேட்டுக் கூசாமல் இருக்கவும் முடியாது.

ஆவணப்படம் வந்தபின் ஓஃபன்பாக் மாணவர் பிரதிநிதிகள் ஹாஃப்ட்பெஃபேலைப் பாடத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். ஹெஸன் மாநிலக் கல்வி அமைச்சு மறுத்துவிட்டது. எனக்கு இதில் பெரிய கோபமில்லை, பாடத்திட்டம் எதையும் உயிரோடு வைத்திருப்பதில்லை. அதே படத்தில் அவர் ரைன்ஹார்ட் மையின் பழைய பாட்டு ஒன்றைக் கேட்டுக் கூடப் பாடுகிறார். தோட்டத்தைப் பற்றிய மென்மையான, துல்லியமான டொச் பாட்டு. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தப் பாட்டு இளைஞர்களால் தரவரிசையில் ஏறிவிட்டது. டொச் மொழியைக் கெடுக்கிறார் என்று சொல்லப்பட்டவர் செய்த காரியம் அது.

புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் ‘ருஸிஷ் ரூலெட்’டை முதற்பாட்டிலிருந்து தொடங்கவேண்டாம்; அதில் வசவுதான் வாசல். ‘1999’ பகுதிகளை மட்டும் வரிசையாக எடுத்து, காதுக்குள் வைக்கும் கருவியில் கேளுங்கள். கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் பாஸ் கேட்காது, பாஸ் இல்லாவிட்டால் மௌனமும் கேட்காது. இங்கே வளர்ந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் நல்லது. சில சொற்களுக்கு அர்த்தம் கேட்கலாம். வேறு சிலவற்றுக்கு அவர்களுக்கும் தெரியாது. எந்த மொழி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எங்கே சொல்லவேண்டும் என்று தெரியும்.